நாட்பட்ட களைப்பு நோய்: காரணம் அறியப்படாமை நோயின்மை ஆகாது

1955 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13 ஆம் திகதி இலண்டன் மாநகரின் றோயல் ஃப்றீ வைத்தியசாலையில் கடமையாற்றிய வைத்தியர் ஒருவரும் விடுதிப் பொறுப்புத் தாதி ஒருவரும் இனங்காண முடியாத நோயொன்றினால் பீடிக்கப்பட்டு, அதே வைத்தியசாலையில் நோயாளர்களாக அனுமதிக்கப்பட்டனர். தொண்டை வலி, தலைவலி, தலைச்சுற்று, தசைகளில் கடும் வேதனை, இவற்றுக்கெல்லாம் மேலாக எழுந்து நிற்கவும் இயலாத களைப்பு என்பன அந்நோயின் அறிகுறிகளாகக் காணப்பட்டன. இரண்டே வாரங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அவ்வாறே வீழ்ந்தனர். ஜூலை 25 ஆம் திகதி மூடப்பட்ட வைத்தியசாலை ஒக்டோபர் 5 ஆம் திகதியே மீண்டும் திறக்கப்பட்டது. நவம்பர் மாத இறுதி வரையில் வைத்தியர்கள், தாதியர்கள், சிற்றூழியர்கள், அலுவலகப் பணியாளர்கள் என 292 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் 255 பேர் விடுதிகளில் வைத்துப் பராமரிக்கப்பட வேண்டியவர்களாயினர். ஆனால், அவ்வேளையில் ஏற்கனவே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நோயாளர்களுள் 12 பேரை மாத்திரமே அது தாக்கியிருந்தது. ஆய்வுகூடங்களில் எத்தனையோ பரிசோதனைகள் நடத்தப்பட்டும் எந்தவொரு கிருமியும் அகப்படவில்லை.

ஏழு தசாப்தங்கள் கடந்துவிட்ட இன்றும் அந்த வினாவுக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறி என இன்று அழைக்கப்படும் நோயின் காரணம் யாது என்பதே அவ்வினா. இவ்வினாவைப் பற்றி எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என நாம் கருதுவதற்குக் காரணம் மருத்துவ ஆர்வம் மாத்திரமன்று. காரணம் தெரியாத நோயொன்றை வைத்திய உலகமும் சமூகமும் எவ்வாறு நடத்துகின்றன என்பதற்கு இந்நோயின் வரலாற்றைப் போன்ற பாடம் வேறில்லை எனலாம்.

களைப்பும் களைப்பு நோயும்

களைப்பு என்பது எவருக்கும் புதியதன்று. வயலில் நாள் முழுவதும் உழைத்தவருக்கும், பரீட்சைக்காகக் கண் விழித்துப் படித்த மாணவருக்கும், கைக்குழந்தையோடு இரவைக் கழித்த தாய்க்கும் களைப்பு உண்டு. ஓர் இரவு நன்றாக உறங்கினால் அது தீர்ந்துவிடும். நாம் இங்கு குறிப்பிடும் நோயோ உறக்கத்தினால் தீராதது. ஆறு மாதங்களுக்கும் மேலாக நீடிப்பது. முன்னர் இயல்பாகச் செய்த தொழிலையும் படிப்பையும் வீட்டு வேலைகளையும் செய்ய முடியாதவாறு ஒருவரை முடக்கிவிடுவது.

ஏனைய களைப்புகளிலிருந்து இந்நோயைப் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றுண்டு. சிறிய உழைப்பின் பின்னர் ஏற்படும் பெரும் வீழ்ச்சியே அது. கடை வரை நடந்து சென்று திரும்பியவர், அல்லது உறவினர் ஒருவருடன் ஒரு மணிநேரம் உரையாடியவர், அன்று ஓரளவு சுகமாகவே இருப்பார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல்வலியும் மூளை மந்தமும் தலைச்சுற்றும் ஒன்று சேர்ந்து தாக்கப் படுக்கையில் விழுவார். மீண்டெழ நாட்கள், சில வேளை வாரங்கள் செல்லும். ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான அறிக்கை, இவ்வீழ்ச்சியை நோயின் மையமான அறிகுறியாக ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் மாத்திரம் 8 இலட்சத்து 36 ஆயிரம் முதல் 25 இலட்சம் வரையானோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் இன்னதென்று இனங்காணப்படவேயில்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. நோயாளருள் குறைந்தது காற்பங்கினர் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்கியிருக்கும் காலம் உண்டு எனவும் அது குறிப்பிட்டது.

இத்தனை பேரை முடக்கும் நோய்க்கு இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எக்ஸ்றே படத்திலும் எதுவும் தென்படுவதில்லை. வழமையான பரிசோதனைகள் யாவும் சரியாக இருப்பதாகவே அறிக்கைகள் வரும். நோயாளியின் துன்பத்தில் பாதி இங்குதான் தொடங்குகின்றது.

பெயர் மாறிய வரலாறு

றோயல் ஃப்றீ வைத்தியசாலைச் சம்பவம் முதலாவதன்று. 1934 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொது வைத்தியசாலையில், போலியோ நோய் பரவிய காலத்தில், 198 ஊழியர்கள் இத்தகைய நோயொன்றினால் பாதிக்கப்பட்டனர். அது போலியோவின் வழமைக்கு மாறான வடிவம் என அன்று கருதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தின் அக்குரேரி நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது அந்நகரின் பெயரே நோய்க்குச் சூட்டப்பட்டது. இலண்டன் சம்பவத்தின் பின்னர், 1956 ஆம் ஆண்டு லான்செற் சஞ்சிகையின் ஆசிரியர் தலையங்கமொன்று, தசை வேதனையுடன் கூடிய மூளை, முண்ணாண் அழற்சி எனப் பொருள்படும் மயால்ஜிக் என்செபலோமயலைற்றிஸ் என்ற பெயரை முன்மொழிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 1969 ஆம் ஆண்டு முதல் இதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

ஆயினும், 1970 ஆம் ஆண்டு நிலைமை தலைகீழாக மாறியது. மக்எவெடி, பியர்ட் என்னும் இரு உளநல மருத்துவர்கள் றோயல் ஃப்றீ வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அங்கு நடந்தது கூட்டு ஹிஸ்ரீரியாவே எனப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் அதிகமாக இருந்தமை அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்றாகும். வைத்தியசாலைத் தாதியரில் பெரும்பான்மையினர் பெண்களாகவே இருந்தனர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. பாதிக்கப்பட்ட ஒருவரையேனும் அவர்கள் நேரிற் கண்டு பரிசோதிக்கவில்லை. அந்நோயாளர்களை நேரிற் கண்டு பராமரித்த வைத்தியர் மெல்வின் றாம்சே இக்கருத்தைத் தமது வாழ்நாள் முழுவதும் எதிர்த்து வந்தார். எனினும், ஹிஸ்ரீரியா என்ற சொல் ஒரு தலைமுறை வைத்தியர்களின் மனதிற் பதிந்துவிட்டது.

1984 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கரையிலுள்ள இன்கிளைன் வில்லேஜ் என்னும் சிற்றூரில் மற்றொரு பரவல் ஏற்பட்டது. போல் செனி, டானியல் பீற்றர்சன் என்னும் இரு வைத்தியர்கள் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவித்தனர். எப்ஸ்ரைன் பார் வைரஸே காரணமாக இருக்கலாம் என முதலில் ஐயுறப்பட்டது. எல்லா நோயாளரிலும் அதனை நிரூபிக்க முடியாது போகவே, 1988 ஆம் ஆண்டு காரணத்தைச் சுட்டாத பெயரொன்று தெரிவு செய்யப்பட்டது. நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறி என்ற பெயர் அவ்வாறு பிறந்ததே. விஞ்ஞான அவதானத்துடன் இடப்பட்ட அப்பெயர் நோயாளருக்குப் பெருந்தீங்கு விளைத்தது. களைப்பு எவருக்குத்தான் இல்லை எனக் கேட்பது எளிதாயிற்று. நகர்ப்புற வசதி படைத்த இளைஞரின் காய்ச்சல் என்ற ஏளனப் பெயரும் பத்திரிகைகளில் உலவியது. எமது தொழில் சார்ந்தோரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிருமிகளின் பங்கு

காரணங்களைத் தேடியோர் முதலில் நாடியது கிருமிகளையே. அதற்கு நியாயமும் உண்டு. நோயாளருள் பெரும் பகுதியினர், காய்ச்சல் போன்ற தொற்று ஒன்றின் பின்னரே தாம் இந்நிலைக்கு ஆளானதாகக் கூறுகின்றனர். சுரப்பிக் காய்ச்சலை ஏற்படுத்தும் எப்ஸ்ரைன் பார் வைரஸ் மீதான சந்தேகம் இன்றும் நீங்கவில்லை. வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரஸைத் தம் உடலிற் காவித் திரிகின்றனர் என்பதால், நோயாளியில் அது காணப்படுவது மாத்திரம் சான்றாகாது. எனினும், எல்லோரையும் தொற்றும் வைரஸ் ஒன்று சிலருக்கு மாத்திரம் கொடிய நோயைத் தருவது இயலாத காரியமன்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இதே வைரஸ் தொற்றின் பின்னர் மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோஸிஸ் என்னும் நரம்பு நோய் ஏற்படும் அபாயம் 32 மடங்கு உயர்வதைக் காட்டியது.

கிருமிகள் தொடர்பான மிகத் தெளிவான சான்று அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள டபோ நகரிலிருந்து கிடைத்தது. அங்கு சுரப்பிக் காய்ச்சல், கியூ காய்ச்சல், றொஸ் றிவர் காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்றினால் பாதிக்கப்பட்ட 253 பேரை ஆய்வாளர்கள் நோய் தொடங்கிய காலம் முதல் தொடர்ந்து அவதானித்தனர். 2006 ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, ஆறு மாதங்களின் பின்னரும் நூற்றுக்கு 12 பேர் களைப்பினால் முடங்கியிருந்தனர். இம்மூன்று நோய்களுள் இரண்டு வைரஸ்களாலும் ஒன்று பக்றீரியாவாலும் ஏற்படுபவை. ஒன்று உமிழ்நீர் மூலமும், மற்றொன்று கால்நடைகளிலிருந்தும், மூன்றாவது நுளம்பினாலும் பரவுபவை. அவ்வாறிருந்தும் எஞ்சிய களைப்பு ஒன்றாகவே இருந்தது. யார் முடங்குவர் என்பதை முன்கூட்டிக் காட்டியது ஆரம்பக் காய்ச்சலின் கடுமையே அன்றி, அவரது வயதோ பாலோ மனநிலையோ அன்று.

இந்த ஆய்வின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்திக் கூற முடியாது. ஒரே கிருமியைத் தேடி அலைந்தோர் பிழையான வினாவைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதை அது உணர்த்தியது. பல கதவுகள் வழியாக நுழையக்கூடிய ஒரே அறையாக இந்நோய் இருத்தல் கூடும். நோர்வேயின் பேர்கன் நகரில் 2004 ஆம் ஆண்டு குடிநீர் மூலம் ஜியாடியா என்னும் குடல் ஒட்டுண்ணி பரவிய பின்னரும், 2003 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் சார்ஸ் நோயினின்றும் தப்பிய சுகாதார ஊழியர்களிடத்தும் இதே முடக்கம் காணப்பட்டது.

ஒரு பொய்யான விடிவு

ஒரே கிருமி என்னும் ஆசை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2009 ஆம் ஆண்டுச் சம்பவம் சாட்சி. அவ்வாண்டு ஒக்டோபரில், எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் ரெற்றோ வைரஸ் 101 நோயாளருள் 68 பேரிடம் காணப்பட்டதாகவும், ஆரோக்கியமானவர்கள் 218 பேரில் 8 பேரிடமே இருந்ததாகவும் சயன்ஸ் சஞ்சிகையில் கட்டுரை வெளியாயிற்று. உலகெங்கும் நோயாளர்கள் நம்பிக்கையில் திளைத்தனர். சிலர் எயிட்ஸ் நோய்க்கான மருந்துகளையும் உட்கொள்ளத் தொடங்கினர். பல நாடுகள் இந்நோயாளரிடமிருந்து இரத்ததானம் பெறுவதைத் தடை செய்தன.

ஏனைய ஆய்வுகூடங்களால் அவ்வைரஸைக் காண முடியவில்லை. ஈற்றில், அது மனிதரிடையே உலவும் வைரஸே அன்று என்பது தெரியவந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மனிதக் கட்டித் துண்டுகளை எலிகளில் வளர்த்தபோது, எலிகளின் வைரஸ் பகுதிகள் இணைந்து ஆய்வுகூடத்தில் உருவானது அது. பரிசோதனை மாதிரிகளில் மாசாகக் கலந்திருந்தது. 2011 டிசம்பரில் சயன்ஸ் சஞ்சிகை அக்கட்டுரையை மீளப்பெற்றது. 2012 ஆம் ஆண்டு பல நிலையங்கள் இணைந்து நடத்திய ஆய்வு அவ்விடயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விஞ்ஞானம் தனது தவறைத் தானே திருத்திக்கொண்டது என நாம் பாராட்டலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் நோயாளர்கள் இழந்த நம்பிக்கைக்கு எவரும் ஈடு செய்யவில்லை.

உடலின் காவலும் கட்டுப்பாடும்

கிருமி வந்து போன பின்னரும் நோய் ஏன் நிலைக்கின்றது? எதிரி சென்ற பின்னரும் காவற்படை ஆயுதத்தைக் கீழே வைக்காத நிலையே இது என்பது ஒரு கருத்து. நோயெதிர்ப்புத் தொகுதியின் இயற்கைக் கொல்லிக் கலங்கள் இந்நோயாளரிடம் வலுவிழந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களிடத்தில் அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் உயர்ந்திருப்பதும், நீண்டகால நோயாளரிடத்தில் அவ்வாறு இல்லாதிருப்பதும் 2015 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அவதானிக்கப்பட்டது. நோயின் காலகட்டத்தைக் கருத்திற் கொள்ளாது எல்லா நோயாளரையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டமைக்கு இதுவும் காரணமாகலாம்.

உடல் தன்னையே தாக்கும் நோயாக இது இருக்கலாம் என்ற கருதுகோளும் உண்டு. நோர்வேயின் பேர்கன் நகர வைத்தியர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற களைப்பு நோயாளி ஒருவர் எதிர்பாராத விதமாகத் தேறியதைக் கண்டு, றிற்றுக்சிமாப் என்னும் மருந்தைப் பரீட்சித்தனர். 2011 ஆம் ஆண்டு வெளியான சிறிய ஆய்வில், மருந்து பெற்ற 15 பேரில் 10 பேர் தேறினர்; போலி மருந்து பெற்ற 15 பேரில் 2 பேரே தேறினர். ஆனால், 151 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019 ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வில் இரு பிரிவினருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுகளின் இனிய முடிவுகளை அவசரப்பட்டு நம்பலாகாது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், சமிபாடு முதலியவற்றை எமது அறிவின்றியே நடத்தும் தன்னாட்சி நரம்புத் தொகுதியில் ஏற்படும் குழப்பம் மற்றொரு முக்கிய தடயமாகும். எழுந்து நின்றதும் இதயம் படபடத்தல், கண் இருளுதல், மயக்கம் வருதல் என்பன இந்நோயாளரிடம் சாதாரணமாகக் காணப்படுகின்றன. 1995 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக வைத்தியர்கள், சாய்க்கக்கூடிய மேசையில் நோயாளர்களை நிமிர்த்தி வைத்து இதனை நிறுவினர். மன, உடல் நெருக்கடிகளுக்கு முகங்கொடுக்க உதவும் கோர்ட்டிசோல் ஹோர்மோன் சில நோயாளரிடம் சற்றுக் குறைந்திருப்பதும் 1991 ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்டதே. அது காரணமா, நீண்டகால நோயின் விளைவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கலங்களுக்குச் சக்தி வழங்கும் இழைமணிகள் பழுதடைந்துள்ளனவா என்பது அண்மைக்காலத்தில் வலுப்பெற்ற ஆய்வுத்துறையாகும். நோயாளியைத் தொடர்ந்து இரு நாட்கள் மிதிவண்டிப் பரிசோதனைக்கு உட்படுத்தினால், முதல் நாள் எட்டிய அளவை இரண்டாம் நாள் எட்ட முடியாது போவதை ஆய்வாளர்கள் பலர் அளந்து காட்டியுள்ளனர். ஆரோக்கியமான ஒருவர், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவராயினும், இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவை எட்டுவார். 2024 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஆய்வாளர்கள், நீடித்த கொவிட் நோயாளர் 25 பேரின் தசைகளிலிருந்து உழைப்புக்கு முன்னரும் பின்னரும் சிறு துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது, உழைப்பின் பின்னர் தசை இழைகளில் சேதமும் இழைமணிகளின் செயற்றிறனில் வீழ்ச்சியும் காணப்பட்டன. நோயாளர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்ததையே நுணுக்குக்காட்டி இப்போது சொல்கின்றது.

மனமே காரணம் என்ற வாதம்

காரணங்களுள் மிகக் கடுமையான சர்ச்சைக்கு உள்ளானது மனம் தொடர்பானதே. ஆரம்பத் தொற்று நீங்கிய பின்னர், உழைப்பைப் பற்றிய அச்சத்தினால் நோயாளர்கள் அசைவதைக் குறைத்துக்கொள்கின்றனர்; அதனால் உடல் தளர்கின்றது; அத்தளர்ச்சியையே நோய் என நம்புகின்றனர் என்பது பிரித்தானியாவில் 1980 களின் பிற்பகுதியிலிருந்து செல்வாக்குப் பெற்ற விளக்கமாகும். இவ்விளக்கம் சரியாயின், படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும் எண்ணங்களை மாற்றும் உளச் சிகிச்சையும் நோயைத் தீர்க்க வேண்டும். 641 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பேஸ் என்னும் பெரும் ஆய்வு அவ்வாறே நன்மை கிடைப்பதாக 2011 ஆம் ஆண்டு லான்செற் சஞ்சிகையில் அறிவித்தது. அதன் அளவுகோல்கள் ஆய்வின் இடையில் மாற்றப்பட்டமையை நோயாளர்களே முதலிற் சுட்டிக்காட்டினர். ஆய்வின் தரவுகளை வெளியிடுமாறு 2016 ஆம் ஆண்டு தீர்ப்பாயமொன்று உத்தரவிட்டது. வெளியான தரவுகளை ஆரம்ப அளவுகோல்களின்படி மீளக் கணித்தோர், குணமடைந்ததாகக் கூறப்பட்டோரின் தொகை பெரிதும் சுருங்கியதாகக் காட்டினர். ஆய்வை நடத்தியோர் தமது முடிவுகளில் உறுதியாக நின்றனர்.

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டலில், படிப்படியாக உழைப்பைக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குச் சிகிச்சையாக வழங்கலாகாது எனவும், உளச் சிகிச்சையை நோயோடு வாழ்வதற்கான துணையாக வழங்கலாமே அன்றி நோயைத் தீர்க்கும் வழியாகக் கருதலாகாது எனவும் தெரிவித்தது. காரணம் பற்றிய ஒரு கருத்து, எத்தனையோ நோயாளரின் உடலில் பரீட்சிக்கப்பட்டு, அவர்களுட் பலரை மேலும் நலிவடையச் செய்த பின்னரே திருத்தப்பட்டது.

மனதுக்கு இந்நோயில் எவ்விதப் பங்கும் இல்லை என நாம் வாதிட முனையவில்லை. மூளையும் உடலின் ஓர் உறுப்பே. நீண்டகாலம் படுக்கையிற் கிடப்பவருக்கு மனச்சோர்வு வருவதும் இயல்பே. ஆனால், மனச்சோர்வுக்கு ஆளானவர் எதிலும் நாட்டமின்றி இருப்பார். இந்நோயாளியோ பலவற்றைச் செய்ய விரும்பி, செய்ய முற்பட்டு, அதற்காகத் தண்டிக்கப்படுகின்றார். இவ்வேறுபாட்டை அறியாத வைத்தியம் அவருக்கு உதவாது.

பரம்பரையும் கொவிட் தந்த பாடமும்

ஒரே காய்ச்சலுக்கு ஆளான பத்துப் பேரில் ஒருவர் மாத்திரம் முடங்குவது ஏன் என்பதற்குப் பரம்பரை அலகுகள் ஒரு பகுதி விடையைத் தரலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தலைமையேற்ற டிகோட்எம்ஈ என்னும் ஆய்வு, 15,579 நோயாளரின் டி.என்.ஏ. யை ஏறக்குறைய 2 இலட்சத்து 60 ஆயிரம் ஏனையோரின் டி.என்.ஏ. யுடன் ஒப்பிட்டு, 2025 ஓகஸ்டில் தனது முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. நோயாளரிடையே வேறுபட்டுக் காணப்படும் எட்டுப் பகுதிகள் இனங்காணப்பட்டன. அவற்றுட் சில தொற்றுக்கு எதிரான பாதுகாப்புடனும், சில நரம்புத் தொகுதியுடனும் தொடர்புடையன. ஒரு பகுதி ஏற்கனவே நாட்பட்ட வலியுடன் தொடர்புபடுத்தப்பட்டது. இந்நோய்க்குப் பெண்களே அதிகமாக ஆளாவது ஏன் என்பதை அவை விளக்கவில்லை. மேலும், அவ்வாய்வு ஐரோப்பிய வம்சாவளியினரை மாத்திரமே ஒப்பிட்டது. தெற்காசியரான எமக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது இனித்தான் ஆராயப்பட வேண்டும்.

2020 ஆம் ஆண்டு உலகை உலுக்கிய கொவிட் 19 நோய், டபோ நகரின் பாடத்தை உலகளாவிய ரீதியில் மீண்டும் கற்பித்தது. ஐக்கிய அமெரிக்காவின் றிகவர் ஆய்வு 2025 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, கொவிட் தொற்றுக்கு ஆளானோருள் நூற்றுக்கு 4.5 பேர் இக்களைப்பு நோயின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கினர். தொற்றாதோருள் அது 0.6 ஆகவே இருந்தது. தொற்றின் பின்னர் நோய் தொடங்கிய 17 பேரைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, மூளையின் செயற்பாட்டிலும் முண்ணாண் திரவத்திலும் நோயெதிர்ப்புக் கலங்களிலும் மாற்றங்களைப் பதிவு செய்தது. அதன் சொற்பிரயோகங்கள் சில, நோயாளர்களே உழைக்க விரும்பாதவர்கள் என்ற பொருளைத் தருவதாகக் கண்டனத்துக்கும் உள்ளாயின. பழைய நிழல் இன்னும் முற்றாக விலகவில்லை.

எமக்கு உரியது யாது?

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒரே காரணம் என்ற எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டியுள்ளது. பரம்பரையாக வந்த ஏதோவொரு வாய்ப்பு, அதன்மேல் வந்த தொற்று, அத்தொற்றின் பின்னர் வழமைக்குத் திரும்பத் தவறும் நோயெதிர்ப்பு, நரம்பு, சக்தித் தொகுதிகள் என்ற வரிசையே இன்றைய அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இதில் எந்தக் கண்ணி எவருக்கு முதன்மையானது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடலாம். ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் மறைந்திருத்தலும் கூடும்.

இது தொலைதூர நாடுகளின் விவகாரம் என எமது வாசகர்கள் எண்ணலாகாது. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் பரவியபோது, காய்ச்சல் தணிந்து பல மாதங்கள் சென்ற பின்னரும் மூட்டு வலியும் சோர்வும் நீங்காது அவதிப்பட்டோர் எத்தனை பேர் என்பதை எம்மிற் பலர் அறிவோம். டெங்குக் காய்ச்சல் எம்மை விட்டு அகன்றபாடில்லை. கொவிட் தொற்றும் எமது வீடுகளுக்குள் புகுந்து சென்றது. கொழும்பு மாவட்டத்து இரட்டையர்களைக் கொண்டு நாட்பட்ட களைப்பில் பரம்பரையும் சூழலும் வகிக்கும் பங்கை ஆராய்ந்த ஆய்வும் வெளியாகியுள்ளது. இக்களைப்பு செல்வந்த நாட்டவரின் நோய் மாத்திரமன்று என்பதற்கு அதுவே போதுமானது.

அவ்வாறாயின், காய்ச்சலுக்குப் பின்னர் எழுந்திருக்க இயலாத பிள்ளையைப் பாடசாலைக்குக் கள்ளம் செய்வதாகக் கண்டிப்பதற்கு முன்னர் பெற்றோர் ஒரு கணம் தாமதிக்க வேண்டும். அலுவலகத்தில் அடிக்கடி லீவு எடுக்கும் ஊழியரைச் சோம்பேறி எனத் தீர்ப்பிடுவதற்கு முன்னர் மேலதிகாரி தாமதிக்க வேண்டும். நாட்பட்ட களைப்புடன் வருபவரிடம் இரத்தச் சோகை, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, நீரிழிவு, காசநோய், உறக்கக் கோளாறு, மனச்சோர்வு முதலிய சிகிச்சைக்குரிய காரணங்கள் உள்ளனவா என வைத்தியர் தேடிப் பார்ப்பது இன்றியமையாதது. அவை எதுவும் இல்லையெனக் கண்ட பின்னர், உமக்கு ஒன்றுமில்லை எனக் கூறி அனுப்புவது சரியன்று. உமது நோயின் காரணத்தை வைத்தியம் இன்னும் அறியவில்லை என்பதே நேர்மையான விடையாகும். உள்ள சக்தியை அளந்து செலவிடவும், மிஞ்சிய உழைப்பைத் தவிர்க்கவும், வலிக்கும் உறக்கமின்மைக்கும் உரிய சிகிச்சையைப் பெறவும் நோயாளிக்கு வழிகாட்ட, காரணம் அறியப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரைப்பைப் புண் மனக் கவலையாலும் உறைப்பு உணவாலும் வருவதென உலகம் நெடுங்காலம் நம்பியது. அவுஸ்திரேலியாவின் றொபின் வொறன், பரி மார்ஷல் ஆகிய இருவரும் அதற்குக் காரணமான பக்றீரியாவை 1980 களில் இனங்கண்டு, 2005 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அதுவரை கவலைப்படாதீர் என்ற அறிவுரையுடன் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளர்கள் எத்தனை இலட்சமோ! நாட்பட்ட களைப்பு நோயின் காரணமும் ஒருநாள் துலங்கும் என்றே நாம் நம்புகின்றோம். அன்று வெட்கித் தலைகுனிய நேராதவாறு இன்று நடந்துகொள்வது எம் ஒவ்வொருவரது கடமையாகும்.